சந்திரவதனாவும் ஏழு தோல் ஜக்கெற்றுகளும்

சந்திரவதனாவிடம் பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்கள் கனடாவில், ஸ்காபரோவில் எத்தனை பேரோ, அத்தனை பேரும் அவளைத் திட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்பாள். வெள்ளிக்கிழமை போனால் துணி வெட்டியபடியே கிடக்கும். "கலியாணத்துக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்குத்தானே பிள்ளை, ஏன் பதகளிக்கிறாய்?" என்று கேட்டு இருக்கிற எரிச்சலைக் கூட்டுவாள். ஆனால் தைத்து முடித்தால் அளவு கச்சிதமாக இருக்கும் என்பதால், திட்டியவர்களே அடுத்த கலியாணத்துக்கும் துணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இப்படிப்பட்டவள் ஒரேயொரு கூட்டத்தாருக்கு மட்டும் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்குச் செய்து கொடுத்தாள். அவர்கள் தமிழர்கள் இல்லை. சட்டத்துக்கு வெளியே வாழ்கிறோம் என்று தாங்களே முதுகில் எழுதிக்கொண்டு திரிகிற மோட்டார்சைக்கிள் கூட்டத்தார்.

அவள் சாவகச்சேரிக்காரி. தொண்ணூற்றிரண்டில் வந்தவள். பதினேழு வருசம் ஒரு தொழிற்சாலையில் குளிர்கால ஜக்கெற்றுகளுக்கு சிப் தைத்தாள். தொழிற்சாலையை மூடியதும், அங்கே கழித்துவிட்ட கனத்த மெஷின் ஒன்றை வீட்டுக்காரரின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மார்க்கம் றோட் பிளாசா ஒன்றில் கடை போட்டாள். பக்கத்துக் கடை பேர்ணடெற்றினுடையது. மன்னார்ப் பெண், கேக் செய்பவள், சந்திரவதனாவை விடப் பத்து வயது இளையவள். வாய் மட்டும் பத்து வயது கூட.

தோலைத் தைக்கக்கூடிய மெஷின் இருக்கிறது என்று யாரோ சொல்லித்தான் முதல் ஆள் வந்தான். ஆறு வருசத்துக்கு முந்தைய ஒரு மே மாதம், மத்தியானம். கதவுக்கு வெளியே இடி உருள்வது போல் ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கும் முன்னால் டப்பாவிலிருந்த குண்டூசிகள் சிலுசிலுத்தன. பிறகு எல்லாம் நின்று, கதவு திறந்து, கூரையைத் தொடுகிற ஒரு வெள்ளைக்காரன் நரைத்த பின்னலோடு உள்ளே வந்தான். பிளவுசுக்கு அளவு கொடுக்க வந்து நின்ற ஒரு அம்மா, துணியையும் வாங்காமல் வெளியே போய்விட்டார்.

அவன் கையில்லாத தோல் ஜக்கெற் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி வைத்திருந்தான். நெஞ்சுப் பக்கத்துப் பெயர்ப் பட்டியில் டீக்கன் என்று இருந்தது. மாதா கோயிலில் பாதிரியாருக்கு அடுத்தபடியில் நிற்பவரை அப்படிச் சொல்வார்கள் என்று பின்னால் பேர்ணடெற் விளக்கினாள். உள்துணி கிழிந்திருந்தது. அதை மாற்றிப் புதிதாகப் போட வேண்டும், முதுகில் புதுச் சின்னம் தைக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் சில விசயங்கள், மேடம், என்று அவன் மெல்லிய குரலில் தொடங்கினான். ஜக்கெற் தரையில் படக் கூடாது. மற்ற உடுப்புகளோடு சேரக் கூடாது. அவளைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. வேலை அவன் கண் முன்னால்தான் நடக்க வேண்டும். படம் எடுக்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. தோல் அவனுடையது, ஆனால் சின்னம் கூட்டத்துக்குச் சொந்தம். அதை அவமதித்தால் அவன் ஒருவனை அவமதித்ததாக ஆகாது, எல்லோரையும் அவமதித்ததாக ஆகிவிடும்.

வேறு யாராவது என்றால் கதவைக் காட்டியிருப்பார்கள். சந்திரவதனாவுக்கோ இதில் புதுமையே தெரியவில்லை. றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு அம்மனுக்குச் சாத்துகிற பட்டு தைத்துக் கொடுத்தவள் அவள். தொடாதே, கீழே வைக்காதே, குளித்துவிட்டு எடு என்ற கட்டளைகள் எல்லாம் பழகிய சங்கதி. "ஓகே" என்றாள். மேசையிலிருந்த பிளவுஸ் குவியலை வழித்து ஒதுக்கிவிட்டு, தோய்த்து மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். அவன் அந்த வெள்ளையை நெடுநேரம் பார்த்தான். பிறகு ஜக்கெற்றை அதன் மேல் வைத்துவிட்டு, சுவரோரக் கதிரையைத் தரையில் இழுபடாமல் தூக்கிவந்து போட்டு உட்கார்ந்தான்.

மூன்று மணித்தியாலம் அவன் அசையவில்லை. கண் இமைக்கிறானா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. வேலை முடிகிற நேரம் வெளியே யாரோ அவனுடைய மோட்டார்சைக்கிளுக்குக் கிட்டப் போக, அவன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அந்த இடைவெளியில்தான் சந்திரவதனாவின் கை அந்தக் காரியத்தைச் செய்தது. சாமிப் படத்துக்கு முன்னால் சின்னக் கிண்ணத்தில் அவள் எப்போதும் மஞ்சள் குழைத்து வைத்திருப்பாள். புதிதாகத் தைத்த எந்த உடுப்பும் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லாமல் அவள் கையைவிட்டுப் போனதில்லை. இடது கைக்குழிக்குக் கீழே, உள்துணியில், மோதிர விரலால் ஒரு பொட்டு. கேட்டுச் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மஞ்சள் வைக்க யாரிடம் அனுமதி கேட்பது?

அதற்குப் பிறகு மற்றவர்களும் வந்தார்கள். டீக்கனோடு சேர்த்து ஆறு வருசத்தில் ஏழு பேர், ஏழு ஜக்கெற். எல்லோரும் அதே கதிரையில் அதே மாதிரிப் பேசாமல் இருந்தார்கள். எல்லோருக்கும் வெள்ளை விரித்தாள், எல்லோருக்கும் ஒரு கண் தப்பிய நேரத்தில் மஞ்சளும் வைத்தாள். மோட்டார்சைக்கிள்களைப் பின்பக்கம் உள்ளே தள்ளி, அளந்து வைத்த இடைவெளியில் நிறுத்துவார்கள். அவர்கள் போய் வெகுநேரம் ஆன பின்னும் அந்த வரிசையில் ஒருவரும் கார் நிறுத்த மாட்டார்கள். வெறுமையாகக் கிடக்கிற அந்த இடத்தைக் கண்ணாடிக்குள்ளால் பார்க்கும்போது சந்திரவதனாவுக்கு முதுகில் கொஞ்சம் குளிரும்.

"அக்கா, உவங்கள் ஆர் எண்டு தெரியுமே உங்களுக்கு?" என்று பேர்ணடெற் கேட்டாள். "நியூசில பாக்கிறேல்லையே? ஆக்களைக் காணாமல் போகப் பண்ணுற ஆக்கள்."

"என்னட்டை மரியாதையாத்தான் வருகினம்."

"மரியாதைதான் பயம். கத்துறவனை நம்பலாம்."

அவள் சொன்னதில் பிழையில்லை. ஒருநாள் பிளவுஸ் பிந்தியதற்காக ஒரு கணவர் கடைக்குள் நின்று கத்தினார். கதிரையில் இருந்த டீக்கன் மெல்ல எழுந்து நின்றான். அவ்வளவுதான். கணவர் "சொறி அன்ரி" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வெறும் கையோடு போனார். அன்றைக்குச் சந்திரவதனாவுக்குச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இருந்தாலும் டீக்கனை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. அதை மறைக்க ஒன்றுமில்லை. வரும்போதெல்லாம் அவளுடைய முழங்கால் நோவைப் பற்றி விசாரிப்பான். பேர்ணடெற்றிடம் பழக் கேக் வாங்கி இரண்டாக வெட்டிப் பெரிய துண்டை அவளிடம் வைப்பான். ஒருநாள் அவள் கேட்காமலே ஒன்று சொன்னான். மரியாதையோடு செத்தவனுக்கு ஜக்கெற்றைப் போட்டே பெட்டியில் வைப்பார்கள். துரத்தப்பட்டவனுடைய சின்னங்களை மட்டும் பிரித்தெடுப்பார்கள். அதற்குப் பிறகு அவன் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், அவனோடு யாரும் கதைக்க மாட்டார்கள். அவன் இருந்ததாகவே இருக்காது. இதை அவன் நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னான்.

போன ஒக்ரோபரில், வானம் வெளித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணியிருக்கும். ஊசி டப்பா சிலுசிலுக்கவில்லை. சத்தமே இல்லாமல் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. இறங்கிய இரண்டு பேரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், அவள் தைத்துக் கொடுத்தவர்கள். ஒருவன் வெள்ளைத் தாடிக்காரன், கூட்டத்துக்குத் தலைவன். மற்றவனுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. தலைவன் கையில் டீக்கனின் ஜக்கெற் இருந்தது.

அவள் பழக்கத்தில் வெள்ளையை விரிக்கப் போனாள். "இதற்குத் தேவையில்லை, மேடம்" என்றான் தலைவன். அவள் கேட்காதவள் மாதிரி விரித்தாள்.

"எல்லாவற்றையும் பிரியுங்கள். ஒரு நூல்கூட மிஞ்சக் கூடாது."

அவளுக்கு விளங்கிவிட்டது. டீக்கன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. சின்னக் கத்தியை எடுத்து, தன் கையால் போட்ட தையலைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாக அறுத்தாள். முதுகுச் சின்னம் கழன்ற இடத்தில் தோல் வெளிறாமல் புதிதாகக் கறுத்துக் கிடந்தது. பெயர்ப் பட்டியும் போயிற்று. மிச்ச நூலைத் தேட ஜக்கெற்றை உட்பக்கமாகத் திருப்பியபோது, கைக்குழிக்குக் கீழே மஞ்சள் பொட்டு தெரிந்தது.

தழும்புக்காரன் குனிந்தான். "இது என்ன?"

அவள் வாய் திறக்கும் முன்னமே அவன் தன் ஜக்கெற்றைக் கழற்றித் திருப்பினான். அதே இடம், அதே பொட்டு. தலைவனும் திருப்பினான். அவனுடையதிலும் இருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவன் போனை எடுத்து இரண்டே சொல் சொன்னான். தழும்புக்காரன் போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டான்.

அரை மணித்தியாலத்தில் மற்ற நால்வரும் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைத் துணியில் ஏழு ஜக்கெற்றுகள் உட்பக்கம் வெளியே தெரியக் கிடந்தன, ஏழு மஞ்சள் பொட்டோடு. சுவருக்கு அந்தப் பக்கம் பேர்ணடெற்றின் மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்களுக்குள் இருந்து ஒருவன் ஒரு வருசமாகப் பொலிசோடு கதைத்தான்" என்றான் தலைவன். "அவனைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தோம். இப்போது பார்த்தால் எங்கள் எல்லோர் மேலும் யாரோ குறி வைத்திருக்கிறார்கள். சொல்லுங்கள், மேடம். யாருக்காக வைத்தீர்கள்?"

சந்திரவதனாவுக்கு வந்த ஆங்கிலமும் போய்விட்டது. "மஞ்சள்" என்றாள். "புது உடுப்பெண்டால் வைக்கிறது." அவர்கள் விளங்காமல் பார்த்தார்கள். அவள் கம்பியில் தொங்கிய உடுப்புகளைக் காட்டினாள். ஒரு பிளவுசை இழுத்து மூலையைத் திருப்பிப் பிடித்தாள். பொட்டு. ஒரு கவுண். பொட்டு.

அவர்கள் எழுந்து கம்பியடிக்குப் போனார்கள். பிறகு நடந்ததை அவள் இன்றைக்கும் கனவில் காண்கிறாள். பச்சை குத்திய பெரிய கைகள் கலியாணப் பிளவுசுகளையும், பாவாடை சட்டைகளையும், அரங்கேற்ற உடுப்பையும், ஐந்து வயதுப் பிள்ளையின் பட்டுப் பாவாடையையும் ஒவ்வொன்றாக, கசங்காமல், மிகவும் பக்குவமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. எல்லாவற்றிலும் இருந்தது. கடைசியில் அவள் தான் போட்டிருந்த சட்டையின் கீழ்மடிப்பையும் திருப்பிக் காட்டினாள்.

"எதற்கு?" என்றான் தலைவன். குரல் இறங்கியிருந்தது.

"உடுத்தியிருக்கிறவருக்கு ஒன்றும் வராமல் இருக்க."

அவன் டீக்கனின் ஜக்கெற்றைத் தொட்டான். "இவனுக்கும்?"

"அவருக்கும்தான்."

"அதையும் எடுத்துவிடுங்கள். எதுவும் மிஞ்சக் கூடாது என்று சொன்னேன்."

அவள் கத்தியைக் கையில் எடுத்தாள். மஞ்சள் தோய்த்தால் போகாது, துணியோடுதான் வெட்டி எடுக்க வேண்டும். அது இரண்டு நிமிசத்து வேலை. செய்து கொடுத்தால் இவர்கள் போய்விடுவார்கள், வீட்டுக்காரரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் எங்கேயோ அந்த மனிதன் ஒருவேளை இன்னும் மூச்சோடு இருந்தால், அவனுக்கென்று இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது தன் விரல் வைத்த இந்த ஒரு பொட்டுத்தான் என்று அவளுக்குப் பட்டது. கத்தியை மேசையில் வைத்தாள்.

"சின்னம் உங்களுடையது, தந்துவிட்டேன்" என்றாள், உடைந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. "தோல் அவருடையது. இது நான் வைத்தது. வைத்தவள்தான் எடுக்கலாம். நான் எடுக்கமாட்டேன். இதை அவருடைய கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்."

ஆறு பேரும் அவளைப் பார்த்தார்கள். அன்றைக்கு டீக்கன் சொன்ன அவர்களுடைய விதியையே அவர்களிடம் சொல்லியிருக்கிறாள் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. தலைவன் தாடியைத் தடவினான். பிறகு சின்னமில்லாத அந்தத் தோலை எடுத்து, மடித்து, கைக்குள் வைத்துக்கொண்டான்.

"உங்களுடைய வழக்கம் உங்களுக்கு, மேடம்" என்றான். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, தலையசைத்து மரியாதை செய்துவிட்டு வெளியே போனார்கள்.

தழும்புக்காரன் மட்டும் போகவில்லை. மேசையில் கிடந்த தன் ஜக்கெற்றின் உட்பக்கத்தைக் காட்டினான்.

"என்னுடையது மங்கிப்போயிற்று" என்றான். "திரும்ப வைப்பீர்களா?"

அவள் கிண்ணத்தை எடுத்து வந்தாள். விரலைத் தோய்த்தாள். கண்ணாடிக்கு வெளியே மற்றவர்கள் கார்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இதைவிட்டால் இனிக் கேட்க முடியாது என்று தெரிந்தது.

"டீக்கன் உயிரோடு இருக்கிறாரா?"

பெயரைக் கேட்டதும் அவன் கதவைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் நிறம் இல்லை. அத்தனை பெரிய உடம்பு பயத்தில் ஒடுங்கி நிற்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். அவன் அவளுடைய கண்ணைப் பார்க்காமல், ஜக்கெற்றை இன்னும் கொஞ்சம் அகல விரித்துப் பிடித்தான்.

"கொஞ்சம் கூடப் போடுங்கள், மேடம்."

டீக்கன் இல்லை, அதுதான் பதில் என்று அவளுக்கு விளங்கிற்று. அழுகை வந்தது, அடக்கவில்லை. ஜக்கெற்றைப் பிடித்திருக்கிற இந்தக் கையும் அந்த வேலையில் சேர்ந்திருக்குமோ என்று நினைத்தாள். அப்படியும் கிண்ணத்தை வழித்து, அவன் கேட்டபடியே, கூடப் போட்டாள்.