மாட்டுப் பாஷை

சைகோனுக்கு வெளியே, குச்சி என்ற ஊருக்குப் போகும் வழியில் பஸ் நின்றது. கழுத்தில் கட்டிய மரக்கட்டை டொக் டொக்கென்று இடிக்க, ஒரு மாடு சாலையைக் கடந்தது. அந்தச் சத்தம் என் நெஞ்செலும்புக்குத் தெரியும்.

பிரெஞ்சுக்காரன் காலத்துச் சைகோனில், எங்கள் பள்ளியில் தமிழ் பேசினால் கழுத்தில் கட்டை மாட்டுவார்கள். மூன்றாம் வகுப்பில் அது பெரும்பாலும் என் கழுத்தில்தான் கிடந்தது.

விழாவுக்கு நாடகம் போடச் சொன்னார் காரைக்கால் டீச்சர். “கதைய நீங்களே கட்டுங்க. ஒரு வரிகூட நான் எழுதித் தர மாட்டேன்.”

விழாவுக்கு முதல் நாள், தமிழ் பேசி மறுபடி அகப்பட்டேன். “மேடைக்கும் கட்டையோடுதான் வர வேண்டும்” என்றார் பிரெஞ்சுத் தலைமையாசிரியர்.

“அப்ப நான்தான் மாடு” என்றேன். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மேடையில் மற்றவர்கள் பிரெஞ்சு பேசினார்கள். நான் தவழ்ந்து நடுவே போய், தொண்டை கிழியக் கத்தினேன்: “அம்மா!”

தலைமையாசிரியர் துள்ளி எழுந்தார். “தமிழ் பேசுகிறாள்!”

“இல்லீங்க முசியே, மாடு கத்துது” என்றார் டீச்சர். “எங்க ஊர் மாடு அப்படித்தான் கத்தும்.”

பஸ் கிளம்பியது. ஜன்னலில் தலையை நீட்டி, இந்த வயதில், “அம்மா!” என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். எவனாவது கட்டையை எடுத்துக்கொண்டு வரட்டும்.