இரண்டு மூலையில் கறுப்பு

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பொறுத்துக்கொண்டு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது நடந்தது 1946ஆம் வருஷம், மாசி மாதம். திருவரங்குளத்துக்குக் கிழக்கே நாலு மைல் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அங்கே சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தபால்காரர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். ஊர்த் தபாலை எல்லாம் என் கடையில் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். நான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவேன். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தே பேசலாம் என்பதால் இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அதற்கு முன்னால் பத்து வருஷம் மலாய் நாட்டில் இருந்தேன். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறு டவுன். அங்கே நம் பக்கத்து வியாபாரி ஒருவர் ஜவுளியும் மளிகையும் சேர்த்து வைத்திருந்த கடையில் வேலை பார்த்தேன். அவரை நாங்கள் முதலாளி என்றுதான் சொல்வோம். அந்த டவுன் தமிழர்களுக்குத் தலைவர் மாதிரியும் அவரேதான். கல்யாணம், சாவு, தோட்டத்து வழக்கு எல்லாம் அவரிடம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமையானால் தோட்டத்து ஜனங்கள் கடை வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். எழுதி எழுதி விரல் வீங்கிப்போய் ஒரு நாள், "நம்ம பிள்ளைகளுக்கு ஆத்தாளுக்கு ஒரு காயிதம் எழுதற அளவுக்காவது படிப்பு வேணும்யா" என்றார். அந்த வருஷமே தோட்டத்து மானேஜரோடு மல்லுக்கட்டி, தகரக் கொட்டகையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டார்.

வாத்தியார் கிடைக்கவில்லை. நான் லீவில் ஊருக்கு வரும்போது ஒருவரைப் பார்த்து அழைத்து வரும்படி சொன்னார். எங்கள் ஊரில் எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த ஒருவர் எனக்குப் பங்காளி முறை. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவரிடம் போய் நான்தான் பேசினேன். மூன்று வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னதும் நான்தான். அவர் மனைவி வாசற்படியில் நின்று, "நீங்க கூட இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அனுப்புறேண்ணே" என்று சொன்னார்.

ஆனால் நான் கூட இருக்கவில்லை. வயிற்று நோவு வந்து 1940இல் ஊருக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த வருஷக் கடைசியில் அந்தப் பக்கம் சண்டை வந்துவிட்டது. கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. நாலு வருஷம் ஒரு சேதியும் வரவில்லை. சயாமுக்கு ரயில் ரோடு போட ஜப்பான்காரர்கள் தோட்டத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்று மட்டும் பேச்சு வந்தது.

அந்த நாலு வருஷமும் வாத்தியார் மனைவி தன் கொழுந்தனாரும் ஓரகத்தியும் இருந்த கூட்டு வீட்டில்தான் இருந்தார். கொழுந்தனார் என்றால் வாத்தியாருக்கு அண்ணன். நல்ல உழைப்பாளி, வாய்தான் பொல்லாதது. ஓரகத்தியோ, இவர் குளித்துவிட்டு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்தால், "யாரு பாக்க இம்புட்டு அலங்காரம்" என்று கேட்பாளாம். தாலியைக் கழற்றிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விடலாமே என்றும் ஜாடையாகப் பேச்சு நடந்தது. ஒரு சேதி தெரியாமல் கழற்ற மாட்டேன் என்று இவர் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். என் கடைக்கு வந்தாலும் தபாலைப் பற்றிக் கேட்கமாட்டார். உப்பு, புளி வாங்கிக்கொண்டு போய்விடுவார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

அந்த மாசி மாதம் ஒரு காலையில் தபால்காரர் ஒரு கவரை நீட்டினார். மலாய்த் தபால்தலை ஒட்டியிருந்தது. வாத்தியார் மனைவி பெயருக்கு வந்திருந்தது. முகவரியில் இருந்த எழுத்து முதலாளியின் கையெழுத்து. பத்து வருஷம் பார்த்த எழுத்து, எனக்கு மறக்குமா? கவர் மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணக் கடிதம் என்றால் மூலையில் மஞ்சள் தடவி அனுப்புவோம். சாவுச் சேதி என்றால் கறுப்பு மை தடவுவோம். பிரிக்கும் முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளியில் நின்று வாசித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

கறுப்பைப் பார்த்ததும் என் புத்தி ஒரு கணக்குப் போட்டது. வாத்தியாராக இருக்கிறவர் உயிரோடு இருந்தால் பெண்டாட்டிக்கு அவரே எழுதமாட்டாரா? இன்னொருவர் எழுத வேண்டிய அவசியம் என்ன? அவ்வளவுதான், முடிவு செய்துவிட்டேன். கவரைப் பிரித்தே பார்க்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. 'உன் புருஷன் செத்துப்போனான்' என்று நான் வாயால் சொல்ல வேண்டாம், மையைப் பார்த்தால் அவர்களே தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் வீட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றேன். களத்தில் கொழுந்தனார் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். வாத்தியார் மனைவி விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, வாசல்ல நின்னுக்கிட்டு. உள்ள வந்தா வரியா போடப்போறோம்?" என்றார் கொழுந்தனார்.

நான் கவரைக் காட்டினேன். அவர் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பொல்லாத வாய்க்காரர் குழந்தை மாதிரி, "தம்பி, தம்பி" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஓரகத்தி ஓடிவந்து ஒப்பாரி ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். வாத்தியார் மனைவி மட்டும் கடலை முறத்தை மடியில் வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

யாரோ ஒருவர் வாசிக்கச் சொன்னார். நான் கவரைக் கையில் பிடித்தபடியே நின்றேன். "என்னத்த வாசிக்கிறது, அதான் தெரியுதே. கிழிச்சு அங்கிட்டே போட்டுரு" என்று கொழுந்தனார் அழுகையோடு சொன்னார். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. கவரை அப்படியே இரண்டாகக் கிழித்துக் கீழே போட்டேன்.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வாத்தியார் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுது, நெற்றிக் குங்குமத்தைக் கையால் அழித்துவிட்டாள். இன்னொருத்தி வளையலை உடைக்கக் கையைப் பிடித்தாள். அவர் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தார். என் காலடியில் குனிந்து, கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினார். சாவுக் கடிதத்தைத் தொடாதே என்று பெண்கள் கத்தினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கவருக்குள்ளிருந்து பாதிக் காகிதத்தை உருவிப் பார்த்தார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணே, மேல சுழி போட்டிருக்கு. எழவு காயிதத்துல பிள்ளையார் சுழி போடுவாங்களா?"

நான் பார்த்தேன். காகிதத்தின் நட்ட நடுவில் மேலே 'உ' என்று பிள்ளையார் சுழி. சாவுக் கடிதத்தில் அதை யாரும் போடமாட்டார்கள். புருஷன் முன்பு எழுதிய கடிதங்களில் பார்த்துப் பார்த்து, அவருக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். நாலாம் வகுப்புப் படித்த நான் கிழித்தேன். படிக்காதவர் அந்த ஓர் எழுத்தை வாசித்துவிட்டார்.

"வாசிங்க. முழுசா வாசிங்க" என்றார்.

களத்து மண்ணிலேயே உட்கார்ந்து இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து வாசித்தேன். எதிரே முப்பது பேர் நின்றிருப்பார்கள். அன்றைக்கு என் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாத்தியார் சயாமிலிருந்து உயிரோடு திரும்பிவிட்டார், முதலாளி வீட்டில்தான் இருக்கிறார், வலது கையில் புண் வந்து ஆறி இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டதால் பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் தான் எழுதுவதாக முதலாளி எழுதியிருந்தார். கப்பலில் இடம் கிடைத்ததும் அனுப்பி வைப்பதாகவும், வீட்டில் கவலைப்பட வேண்டாம் என்றும் இருந்தது. கீழே இடது கையால் வாத்தியார் கிறுக்கிப் போட்ட கையெழுத்தும் இருந்தது.

ஒப்பாரி நின்றுபோயிற்று. பிறகு கொழுந்தனார் என் பக்கம் திரும்பி, "ஏன்டா, இத வாசிக்க ஒனக்கு என்ன கேடு?" என்றார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதார். வாத்தியார் மனைவி உள்ளே போய் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, சிந்திய கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஓரகத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பொறுக்கினாள். எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து வாத்தியார் வந்து சேர்ந்தார். நான் அவர் கண்ணில் படாமல் இரண்டு நாள் ஒளிந்து திரிந்தேன். மூன்றாம் நாள் அவரே கடைக்கு வந்து, "என்னைக் கொன்னு பொழைக்க வச்ச ஆளு எங்க?" என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊருக்கு வந்து நடந்ததைக் கேட்ட பிறகு யோசித்துப் பார்த்து, மை எப்படி வந்ததென்று அவர்தான் சொன்னார். தபால் திறந்துவிட்டது என்று தெரிந்த அன்றே முதலாளி உட்கார்ந்து, நம் பக்கத்து ஆட்கள் எல்லோருடைய வீட்டுக்கும் எழுதினாராம். இருப்பவர்களுக்கு ஒரு கடிதம், போனவர்களுக்கு ஒரு கடிதம். போனவர்களின் கவர்களுக்கு நாலு மூலையிலும் மை தடவிக் காய வைத்திருக்கிறார். கண்ணீரில் அவருக்குப் பார்வை மங்கியிருந்ததாம். வாத்தியாருடைய கவரை முதலாளி ஈரம் காயாத ஒரு கவர்மேல் வைத்துவிட்டார். இரண்டு மூலையில் ஒட்டிக்கொண்டது. நாலு மூலையில் இல்லை, இரண்டு மூலையில்தான் கறுப்பு இருக்கிறது என்பதைக்கூட அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த வருஷமே புரட்டாசியில் எங்கள் ஊர் மேற்குத் தெருவில் ஒரு வீட்டுக்கு முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. நாலு மூலையிலும் கறுப்பு. மலாய்க்குத் தோட்ட வேலைக்குப் போன மகனைப் பற்றியது. அவன் கதி தெரிய முதலாளிக்கு அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. தகப்பனார் கவரைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கிழித்துவிடச் சொன்னார். நான் கிழிக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிரித்து, அவருக்குக் கேட்கும்படி வாசித்தேன். காய்ச்சலில் போனான் என்றும், கூட இருந்த நம் ஊர்ப் பையன்கள் கடைசிவரை தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள் என்றும், சேதி தெரிந்ததும் முதலாளியே தகப்பன் ஸ்தானத்தில் நின்று செய்ய வேண்டிய காரியங்களைச் செய்தார் என்றும் எழுதியிருந்தது. அநாதையாகப் போகவில்லையே என்று தகப்பனார் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மூன்று தடவை வாசித்த பிறகுதான் கிழிக்க விட்டார்.

என் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் ஒரு வீட்டு வாசலில் கடிதத்தோடு நிற்கும்போது, எனக்கு ஏற்படும் சங்கடத்தை ஒதுக்கிவிட்டு, அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு எழுத்தும் அந்த வீட்டாருக்குச் சொந்தம் என்பதை நினைத்துக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் வாய்விட்டு வாசித்துவிடுகிறேன்.

விரோதி வருஷம், ஆவணி மாதம் 12ஆம் தேதி.