ஒரே விடைதான் என்று யார் சொன்னது

அன்றைக்கு அவள் சுடோகுவில் நாலு கட்டத்தைக் காலியாக விட்டு, பேப்பரை மடித்து என் மடியில் வைத்தாள். மற்ற எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. நீல பால்பாயின்ட் பேனா. அடித்துத் திருத்தியது ஒன்றுகூட இல்லை. "முடிக்கலையா?" என்று கேட்டேன். "முடிஞ்சிட்டு. இதுக்கு மேல யாருக்கும் தெரியாது" என்றாள்.

எங்கள் லைனில் அவள் செக்கர். செக்கரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், கட்டிக்கொடுத்துக் கிருஷ்ணகிரிக்கு வந்தவள். என் வயதுதான். நான் சாமல்பட்டி, படிப்பு எட்டாவது, வாக்கப்பட்டது காவேரிப்பட்டினம். ஓசூரில் வண்டிகளுக்கு வயர் கட்டு செய்கிற கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. நான் கனெக்டரில் வயர் சொருகுவேன். அவள் கடைசியில் பார்த்து ஸ்டாம்ப் வைப்பாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. டிரைவர் கன்னடக்காரர். தினம் பேப்பர் வாங்கி, விளையாட்டுப் பக்கத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு சுடோகு பக்கத்தை எங்களிடம் தருவார். அவள் பேப்பரிலேயே போடுவாள், நான் நோட்டில் எழுதி எடுத்துக்கொள்வேன். இறங்கும்போது "ஆயித்தா?" என்று கேட்பார். ஆச்சு என்றால்தான் அவருக்குத் திருப்தி.

சுலபமான சுடோகுவை யாரும் போடலாம். கஷ்டமானது பாதியில் நின்றுவிடும். அதற்கப்புறம்தான் ஆளுக்கொரு வழி. அவள் ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போவாள். ஏழு என்றால் ஏழு மட்டும். ஒரு வரிசையில் ஏழுக்கு இரண்டே இடம். கீழே இன்னொரு வரிசையிலும் இரண்டே இடம், அதுவும் அதே இரண்டு பத்தியில். அப்போது ஏழு எந்தப் பக்கம் குறுக்காக நின்றாலும் அந்த இரண்டு பத்தியில் வேறெங்கும் ஏழு வராது. மொபைலில் எக்ஸ் விங் என்கிறார்கள். அவள் பெருக்கல் குறி என்பாள். எதுவும் எழுத வேண்டாம், கண் போதும். ஆனால் தினமும் கிடைக்காது.

என் வழி மூணு கட்டம். நடுக் கட்டத்தில் இரண்டு அல்லது ஐந்து. அதைப் பார்க்கிற, அதாவது அதே வரிசையிலோ பத்தியிலோ உள்ள, ஒரு கட்டத்தில் இரண்டு அல்லது ஒன்பது, இன்னொன்றில் ஐந்து அல்லது ஒன்பது. நடுவில் எது வந்தாலும் ஓரத்தில் ஏதோ ஒன்றில் ஒன்பது உண்டு. இரண்டு ஓரத்தையும் பார்க்கிற கட்டத்தில் ஒன்பதை அடித்துவிடலாம். இது அடிக்கடி கிடைக்கும். ஆனால் கட்டமெல்லாம் பொடி எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். பஸ் குலுங்கினால் மூணு எட்டாகிவிடும். "எறும்பு ஊருத மாதிரி எழுதி வச்சிருக்க. கணக்குப் போடுதியா, மருந்து தெளிக்கணுமா?" என்பாள். "உன் பெருக்கல் குறி ஆடிக்கு ஒண்ணு வரும், அமாவாசைக்கு ஒண்ணு வரும்" என்பேன்.

சண்டை வந்தது மூன்றாவதாக ஒரு வழியைப் பற்றி. இரண்டு பெரிய கட்டத்துக்குள் நாலு கட்டம் செவ்வகமாக நிற்கும். மூன்று கட்டத்தில் மூணும் எட்டும் மட்டும் வரலாம். நாலாவதில் மூணு, எட்டு, கூடவே ஒரு ஐந்து. ஐந்து அங்கே வராவிட்டால் நாலிலும் மூணையும் எட்டையும் மாற்றிப் போடலாம், இரண்டு விடை ஆகிவிடும். சுடோகுவுக்கு விடை ஒன்றுதான். அதனால் ஐந்து. மொபைலில் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து பெருமையாகச் சொன்னேன்.

"ஒண்ணுதான்னு யாரு சொன்னா?"

"பேப்பர்காரன்தான்."

"அவன் ஒழுங்காப் போட்டிருப்பான்னு நம்பி நான் அஞ்சு எழுதணுமாக்கும். கட்டத்துல உள்ளத வச்சு எழுதுவேன். அவன் மனசுல உள்ளத வச்சு எழுத மாட்டேன்."

அந்த நாலு காலிக் கட்டம் வந்தது அப்புறம் ஒரு நாள். நான் செவ்வகத்தைப் பார்த்ததும் ஐந்து போட்டேன். ஓசூர் வருவதற்குள் ஒரே வரிசையில் இரண்டு என்ற எண் ரெண்டு தடவை வந்து இடித்தது. அவள் சுற்றிச் சுற்றிப் போய் ஐந்து வராது என்று கண்டுபிடித்து, மூணா எட்டா தெரியாமல் நாலையும் விட்டிருந்தாள். மறுநாள் பேப்பரில் விடை வந்தது. அச்சில் ஒரு எண் விட்டுப்போய், விடை இரண்டாகியிருந்ததாம். அவள் அதைப் பார்த்துவிட்டு அன்றைய சுடோகுவைத் தொடங்கிவிட்டாள். எனக்கு அதுதான் எரிச்சல்.

கொஞ்ச நாளில் வயர் கட்டு ஒரு பெட்டி திரும்பி வந்தது. நான் சொருகிய ஒரு கனெக்டரில் வயர் முழுதாக உட்காரவில்லை, இழுத்தால் கையோடு வருகிறது. எச்.ஆர். ரூமுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அந்த சார் கெட்டவர் இல்லை. அவளிடம் பொறுமையாகத்தான் பேசினார். "சொருகினவங்க இழுத்துப் பார்த்து மார்க் வச்சிருக்காங்க. டெஸ்டிங் போர்டு ஓகே காட்டியிருக்கு. மிச்சம் நீங்கதாம்மா. கவனக்குறைவுன்னு எழுதிக் குடுங்க, வார்னிங்கோட முடிச்சிடலாம்." எழுதினால் கான்ட்ராக்ட் நீளும். எழுதாவிட்டால் நீளாது. அதை அவர் சொல்லவில்லை, எங்களுக்கே தெரியும். அவள் வீட்டில் சம்பாதிக்கிறது அவள் ஒருத்திதான்.

அவள் நின்றபடியே கேட்டாள். "நான்தான்னு பாத்துச் சொல்லுதீங்களா சார், இல்ல மிச்சம் நான்தான்னு சொல்லுதீங்களா?"

"யாரோ ஒருத்தர் விட்டிருக்கணும் இல்லம்மா?"

"ஒருத்தர்தான்னு எப்படித் தெரியும்? இவ சரியா சொருகாம மார்க் வச்சிருக்கலாம். போர்டு தப்பாக் காட்டியிருக்கலாம். பேக்கிங்ல இழுபட்டிருக்கலாம். நானாவும் இருக்கலாம். நான்தான்னு தெரிஞ்சா நானே எழுதுதேன். தெரியாம எழுத மாட்டேன்."

என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. என்னை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லியிருந்தால் வந்திருக்கும். சார் என் பக்கம் திரும்பி, "நீங்க போங்கம்மா, உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார். கதவு பக்கத்தில்தான் இருந்தது. "நானாவும் இருக்கலாம் சார்" என்றேன். போகவில்லை.

டெஸ்டிங் போர்டை யாரும் கழற்றிப் பார்க்கவே இல்லை. அவள் கான்ட்ராக்ட் நீளவில்லை. எனக்கு நீண்டது. அவள் இப்போது குருபரப்பள்ளியில், ரோட்டோரம் லாரிகளுக்கு வயரிங் செய்கிற கடையில் இருக்கிறாள். லாரியின் முன்பக்கத்தைப் பிரித்துப் போட்டு உள்ளே தலையை விட்டுக்கொண்டிருப்பாள். பஸ்ஸில் போகும்போது முதுகு மட்டும் தெரியும்.

எந்த வழி நல்லது என்று இப்போது கேட்டால், செவ்வகம்தான் சீக்கிரம் முடிக்கும் என்பேன். பெரும்பாலும் சரியாகவே வரும். அதுதான் அதில் மோசம். பேப்பரில் தப்பாகப் போட்டால் மறுநாள் விடை வரும். மிச்சம் நீதான் என்று ஆள் மேல் போட்டால் விடை வராது, எழுதிக் கொடுத்ததுதான் நிற்கும். நான் அதைப் போடுவதை விட்டுவிட்டேன்.

அவள் பெஞ்சில் இப்போது நான்தான் செக்கர். போன மாதம் மறுபடி ஒரு பெட்டி திரும்பி வந்தது. ஸ்டாம்ப் என்னுடையது. சார் புதுசு, பேச்சு பழசு. பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"தெரியலீங்க சார். போர்டைக் கழட்டிப் பாருங்க. சொருகினதைப் பாருங்க. என்னையும் பாருங்க. நான்தான்னு வந்தா எழுதறேன்."

"அவ்ளோ தூரமெல்லாம் பார்க்க முடியாதும்மா. பொங்கலோட உங்க கான்ட்ராக்ட் முடியுது, ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குதுங்க" என்றேன். பேனாவை அவர் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டு லைனுக்கு வந்தேன். அடுத்த வயர் கட்டை எடுத்து ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.