முனிக்கு வைத்த கிழங்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். சாமி காரியத்தில் கூட்டிக் குறைத்துச் சொல்லக்கூடாது என்ற பயம்தான். போன பள்ளி விடுமுறையில் மகள் கேட்டாள்: "பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போலாம்மா? விளையாடுன மாதிரியும் இருக்கணும், நாலு விஷயம் கத்துக்கிட்ட மாதிரியும் இருக்கணும்லா." எங்கள் மலைமேல் பிரிஞ்சாங் பக்கம் ஸ்ட்ராபெரித் தோட்டம் இருக்கிறதே என்றேன். பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மாடியைச் சொல்ல வாய் வரவில்லை. சின்ன வயதில் எங்களை அங்கேதான் கூட்டிப்போனார்கள்.

அது ஜப்பான்காரன் காலம். வெள்ளைக்காரத் துரை முன்பே மலையிறங்கிவிட்டார். தொழிற்சாலை ஓடவில்லை. அம்மாக்கள் மரவள்ளிக் கொல்லைக்குப் போனதும் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் அத்தை, அப்பாவின் அக்கா, அந்த மாடிக்கு ஓட்டிப்போவாள். பச்சை இலையை வாட்டுவதற்காக வரிசை வரிசையாகச் சாக்குத்துணி இழுத்துக் கட்டிய நீண்ட மாடி. சன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். சாக்குகளுக்கு நடுவே கண்ணாமூச்சி. களைத்துப் போனால் பாடம். தேயிலைத் தூளைத் தரையில் பரப்பி அத்தை விரலால் 'அ' எழுதுவாள். நாங்கள் கத்துவோம்.

கடைசிச் சாக்குக்குப் பின்னாலிருந்து, எங்களுக்குப் பிறகு, மெதுவாக ஒரு குரலும் 'அ' என்னும்.

முனிதான் என்றாள் அத்தை. அதுவும் படிக்கிறதாம். தினமும் அவித்த கிழங்கை இலையில் வைத்துச் சாக்கின் அடியில் தள்ளிவிட்டு வருவது என் வேலை. படையல் வைத்தவர் திரும்பிப் பார்க்கக்கூடாது, நான் பார்த்ததில்லை. மறுநாள் பழைய இலை காலியாகக் கிடக்கும்.

அத்தை மனதில் இருந்தது வேறு. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை. மாடியில் ஒளிந்துகொள்கிறேன், யாரும் எட்டிப் பார்க்காதீர்கள் என்று அத்தையிடம் மட்டும் சொல்லிவிட்டு அப்பா ஒருநாள் விடியலில் மறைந்திருந்தார். எங்களிடமெல்லாம் அப்பாவுக்கு ரிங்லெட் ஊரில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் ஜப்பான் சிப்பாய் ஒருவன் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைக் கூட்டிக்கொண்டு மாடியேறினான். துப்பாக்கிக் கத்தியால் சாக்குகளை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே போனான்.

"பாடத்த விடாதீங்க, கத்துங்க!" என்றாள் அத்தை.

கத்தினோம். பின்னாலிருந்து சத்தமே இல்லை.

"அத்தே, இன்னிக்கி முனி படிக்கலியே?" என்றேன்.

கிராணிக்குத் தமிழ் தெரியும். என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். "ஒம் மருமகளுக்கு வாய் நீளம்லா" என்று சொல்லி, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிப்பாய் கடைசிச் சாக்கைக் கத்தியால் ஒதுக்கினான். குத்தவில்லை. என்ன கண்டானோ, தொப்பியைக் கழற்றினான், கைகூப்பிக் குனிந்தான். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தான், இலை வைத்துவிட்டு நான் நடப்பதைப் போலவே. முகம் வெளுத்திருந்தது. அதன்பின் யாரும் மாடிக்கு வரவில்லை.

ஜப்பான்காரன் போன பிறகு அப்பா வந்தார், எலும்பும் தோலுமாக. அத்தைக்கு அழுகை தாங்கவில்லை.

"தம்பி, நான் குடுத்து விட்ட கெழங்கு ஒனக்குப் பத்தலியாடா?"

"எந்தக் கெழங்குக்கா? நான் மாடிக்கே வரலியே. அன்னிக்கி வழியில சிப்பாயிங்கள பாத்துட்டு கோலா தெர்லா பக்கம் காட்டுக்குள்ள ஓடிட்டேன்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அதில் ஒரு அதிசயமும் தெரியவில்லை. முனிக்கு வைத்ததை முனி தின்றது, இதற்குப் போய் அத்தை ஏன் இப்படி உட்கார்ந்துவிட்டாள் என்று விழித்துக்கொண்டு நின்றேன். அப்பா கடைசிவரை கைநாட்டுதான். அந்தக் குரலோ எங்களோடு 'ஔ' வரை வந்திருந்தது.

வாசிக்கிற நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சொன்னபடியே சொல்லுங்கள். அது யார் என்று மட்டும் உங்கள் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிடாதீர்கள். இலை வைத்த நானே திரும்பிப் பார்த்ததில்லை.