அச்சில் இல்லாத தீர்ப்பு

பிள்ளைகளே, அலமாரியில் அட்டை போன ஒரு நாவல் கிடக்கிறதே, "கடைசிப் பக்கமே இல்லாத புஸ்தகத்தை எதுக்குப்பா வெச்சிருக்கீங்க" என்று கேட்டீர்களே, அதற்குப் பதிலை எழுதிவைக்கிறேன். நேரில் சொன்னால் பாதியிலேயே எழுந்து போய்விடுவேன்.

பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ரயிலில் நான் மாரிகுப்பத்தில் ஏறி, எதிர் சீட்டில் பையைப் போட்டு இடம் பிடிப்பேன். வழியில் கோரமண்டல் ஸ்டேஷனில் ஒரு அண்ணன் ஏறி அங்கே உட்காருவார். ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. வீட்டில் பேச்செல்லாம் தமிழ், படித்தது கன்னடம். தமிழ் எழுத்து தெரியாது. நான் சத்தமாகப் படிப்பேன், அவர் கேட்பார்.

இந்த நாவல் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. இனி வரப்போகிற காலத்துக் கோர்ட்டுக் கதை. செத்தவர் குரலை ஒரு மெஷின் திரும்பக் கொண்டுவரும். அதைக் கூண்டில் வைத்து விசாரிப்பார்கள். அணை மதகைத் தப்பாகத் திறந்து ஊரை மூழ்கடித்தான் என்று பழி சுமந்து செத்துப்போன ஒரு காவலாளியின் வழக்கு.

"செத்தவனுக்கு சம்மன் யாருபா கொண்டுபோய் குடுத்தது?" என்று பக்கத்து சீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்.

"செத்த போஸ்ட்மேன் ஒருத்தன் இல்லாமலா போவான்? சும்மா குந்து நீ" என்பார் அண்ணன். தினமும் ஏறியதும் அவர் முதல் கேள்வி: "இன்னா தம்பி, ஜட்ஜு வந்துட்டாரா?"

ஒருநாள் காவலாளியின் குரல், "நான் திறக்கலீங்க" என்று சொல்கிற இடம் வந்தது. பங்காருபேட்டை நெருங்கும்போது அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"எங்கப்பா மைன்ஸ்ல, ஆளுங்களை ஏத்தி இறக்குற கேஜுக்கு பெல் அடிக்கிறவரு. கேஜு அடிபட்டு அவரும் போனாரு, கூட இருந்தவங்களும் போனாங்க. பெல்லைத் தப்பா அடிச்சாருன்னு எழுதிட்டாங்க. குழாயடியில எங்கம்மாவை அதைச் சொல்லியே பேசுவாங்க. அவரைக் கூப்ட்டுக் கேக்க இன்னா மெஷின் இருந்துச்சு?"

கதையில் வாதமெல்லாம் முடிந்தது. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்பைப் படிக்க வாயெடுத்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன். தையல் நூல்தான் தொங்கியது. யாரோ கிழித்திருந்தார்கள்.

"சரி, நீயே சொல்லு தம்பி. இன்னா தீர்ப்பு?"

"புஸ்தகத்துல இல்லாததை நான் எப்டிண்ணா சொல்றது? வேற காப்பி தேடிப் பாக்கறேன்."

"இத்தினி படிச்சியே, எப்டி முடியும்னு தெரியாதா?"

"எழுதினவருக்குத்தானே தெரியும்."

"அதுவும் சரிதான்" என்று டிபன் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஜட்ஜைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

நான் கடை கடையாகத் தேடினேன். கிடைக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று அடக்கத்தில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே ஒரு வார்த்தை, ரயில் பெட்டியில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. அச்சில் இல்லாததைப் படித்தால் பாவம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலி வண்டி. கோரமண்டலில் நின்றது. யாரும் ஏறவில்லை. எதிர் சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நாவலைப் பிரித்து, நூல் தொங்கிய இடத்தில் விரலை வைத்து, எப்போதும் படிக்கிற குரலிலேயே படித்தேன்:

"பெல் சரியாகத்தான் அடிக்கப்பட்டது. அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை."