லகாட் தோட்டத்துப் படையல்

2024 ஜூலை 21, ஞாயிறு. மலேசியாவின் ஈப்போவில், சிலிபின் வட்டாரத்தில் அக்கா வீட்டில் ஐந்தாவது நாள். ஆறு மணிக்கு எழுந்தேன். சட்டையைத் தேய்த்து மாட்டினேன், அக்காவின் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். ஹாலந்தின் ஒரு சிற்றூருக்குக் குடிபோய் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியும், பிறந்த ஊருக்கு வந்தால் இந்த ஒழுங்கு மாறுவதில்லை. ஏழரைக்குப் புந்தோங் வரை நடந்து, வழக்கமான கடையில் இரண்டு தோசையும் தேநீரும் சாப்பிட்டேன். ஐந்து ரிங்கிட் இருபது காசு.

அங்கே பரிமாறுகிறவர் பாண்டி. முப்பது வயதிருக்கும். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்தவர். அன்று புதுச் சட்டை போட்டிருந்தார்.

“அண்ணே, பத்து மணிக்கு லீவு கேட்டிருக்கேன். நானும் லகாட்டுக்கு வர்றேன். சேவல்கூட வாங்கிட்டேன்.”

அன்று லகாட்டில் என் பள்ளித் தோழன் மணியத்தின் குடும்பம் குலதெய்வத்துக்குப் படையல் போடுகிறது. போன மாதம் மணியம் இந்தக் கடையில் சாப்பிடும்போது குலதெய்வத்தின் பெயரையும், தாத்தாவின் அப்பா புறப்பட்டு வந்த கிராமத்தின் பெயரையும் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான். பாண்டிக்கும் அதே தெய்வம், அதே கிராமம். ஊருக்குப் பேசினார். அண்ணன் தம்பி இரண்டு பேரில் மூத்தவர் கப்பலேறிப் போய்த் திரும்பவே இல்லை என்றாராம் அப்பா. அந்த மூத்தவர் வழி மணியம், இளையவர் வழி பாண்டி. பங்காளிகள்.

“நம்ம ஆளுகள போன்ல காட்டுடான்னு அப்பா ஒரு வாரமா நச்சரிக்கிறாருண்ணே. மணியண்ணன்ட்ட சொன்னேன். ‘பாக்கலாம்லா’ன்னாரு.”

ஒன்பதரைக்கு மணியத்தின் காரில் கிளம்பினோம். பத்துக் கிலோமீட்டர் சொச்சம். ஈயம் எடுத்த பள்ளங்கள் குளங்களாகிக் கிடக்கின்றன. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, கண்ணுக்கு எட்டிய வரை பாமாயில் எடுக்கும் செம்பனை. தொழிலாளர் குடியிருப்பு இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் துண்டு துண்டாகத் தெரிகிறது. அதன் கடைசியில், தகரக் கூரைக்குக் கீழே, மூன்று கற்கள். அதுதான் கோயில்.

படையலுக்கு ஒரு முறை உண்டு. படைத்த சோற்றைப் பங்காளிகள் மட்டும்தான் உண்ண வேண்டும். மிச்சத்தை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள்.

பாண்டி பதினொன்றுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். மணியத்தின் தம்பி சேவலை வாங்கிக்கொண்டான். அறுத்தார்கள், குழம்பு வைத்தார்கள். பாண்டி கேட்காமலே தண்ணீர் சுமந்தார், விறகு தள்ளினார். பூசை முடிந்து பாய் விரித்தார்கள். மணியம் என் கையைப் பிடித்து முதல் இலைக்கு முன்னால் உட்கார வைத்தான்.

“நான் உன் பங்காளி இல்லையேடா.”

“ரூல்ஸ் பாக்காதடா. ஐரோப்பாவுலேருந்து வந்திருக்க, ஒன்ன நிக்க வெச்சிட்டு நாங்க சாப்புடுறதா?”

பாண்டி கை கழுவிவிட்டு வந்து பாயின் ஓரத்தில் நின்றார். மணியத்தின் தம்பி இலைகளைப் போட்டுக்கொண்டே போனான். பாண்டியின் காலடிக்கு வந்ததும் கையிலிருந்த இலைக் கட்டை மடக்கினான்.

“தம்பி, ஒனக்குக் கடையில சாப்பாடு இருக்குல்ல? நேரமாச்சு, மொதலாளி ஏசப்போறாரு.”

பாண்டியின் கையில் போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார். “ஆமாண்ணே, நேரமாச்சு,” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் மணியத்தின் காதருகே சொன்னேன்: “என் இலையை அவருக்குக் குடு.”

“சூசாலா,” என்றான். ‘சூசா’ என்றால் மலாயில் கஷ்டம்; ‘லா’ அந்த ஊர்ப் பேச்சில் எதிலும் ஒட்டிக்கொள்ளும் வால். “நாலு தலைமொற ஆச்சு. இன்னும் ரோட்டுல ஒருத்தன் நம்மளப் பாத்து இந்தியாவுக்குத் திரும்பிப் போங்கிறான். இந்தியாவுலேருந்து வந்தவன ஒக்கார வெச்சா, நாமளும் நேத்து வந்தவன்னு ஆயிடும். அவன் நல்லவன்தான். ஆனா வேணாம்டா.”

சாமி சோற்றை மறுத்து எழுந்திருக்க எனக்குத் துணிவில்லை. சாப்பிட்டேன். மீந்தது இரண்டு பானை. குழியில் கொட்டி மண் தள்ளினார்கள்.

எங்கள் ஹாலந்து ஊரில், புதிதாகக் குடிவந்தவர்களை ஊரோடு சேர்க்கும் குழுவில் நான் இருக்கிறேன். கோடையில் ஒருநாள் கடைத்தெரு நீளத்துக்கு மேசை போடுவோம். ‘எல்லோருக்கும் இடம் உண்டு’ என்று துணியில் எழுதிக் கட்டுவோம். சிரியாக்காரர் சோறு கொண்டுவருவார், பக்கத்துத் தெருக் கிழவி ஆப்பிள் பணியாரம் கொண்டுவருவாள். இரண்டு வருடமாக ஒன்று கவனிக்கிறேன். தட்டுகள் இடம் மாறுகின்றன, உட்காருகிறவர்கள் மாறுவதில்லை. வந்தவர்கள் ஒரு முனை, ஊரார் மறுமுனை. நம் ஊரில் இதற்கெல்லாம் துணி கட்டத் தேவையில்லை என்று அங்கே பலமுறை பெருமையாகப் பேசியிருக்கிறேன். திரும்பும் வழியில் மணியம் பழைய வாத்தியார்களைப் பற்றிப் பேசிச் சிரித்தான். என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

மாலை ஆறு மணிக்குக் கடைக்குப் போனேன். பாண்டி ஒரு குடும்பத்துக்கு வாழை இலை போட்டுக்கொண்டிருந்தார். கை துடைத்துவிட்டு வந்தார்.

“சிக்னல் இல்லன்னு அப்பாட்ட சொல்லிட்டேன். காலைல கட்டாயம் காட்டுறேன்னும் சொல்லிட்டேன்.” கொஞ்ச நேரம் மேசையைத் தேய்த்தார். “அண்ணே, நீங்க பேசுறீங்களா? ஒங்க பேச்சு இந்த ஊருப் பேச்சு. மணியண்ணன் மொகம் அவருக்குத் தெரியாது. அவருக்கு ஒடம்பு சரியில்லண்ணே.”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன்.

ஜூலை 22, திங்கள். செடிகளுக்குத் தண்ணீர் விடாமல் புறப்பட்டேன். எட்டு மணி, அறந்தாங்கியில் ஐந்தரை. கடையின் பின்பக்கம், எரிவாயு உருளைகளுக்கு நடுவே, பாண்டி போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். தலையில் துண்டு கட்டிய ஒருவர் திரையை உற்றுப் பார்த்தார்.

“மணியமா? எங்க தாத்தாவுக்கு மூத்தவரு வம்சமாய்யா?”

“ஆமாங்க.”

அவர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். “எம்புள்ளைக்கு எல போட்டீங்களா?”

பாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போட்டோம்லா,” என்றேன். “என் பக்கத்துலதான் ஒக்காந்து சாப்புட்டான்.”