பெரியவளைப் பற்றி நான் சொன்னது

நான் ஒரு தாயிடம் பொய் சொன்னேன். வாய் தவறி வந்ததல்ல. அவள் மகள் என் வகுப்பில் இருந்த காலமெல்லாம், ஒவ்வொரு பெற்றோர் சந்திப்பிலும், முகம் மலரச் சொன்னேன்.

கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் ஆசிரியை. பெற்றோர் சந்திப்பு நடத்துவதில் கெட்டிக்காரி என்று எனக்குப் பெயர்! புதிய ஆசிரியர்களைத் தலைமையாசிரியர் என்னிடம்தான் அனுப்புவார். முதலில் பிள்ளையின் நல்லதைச் சொல்லுங்கள், பிறகு குறையைச் சொல்லுங்கள், என்ன செய்யலாம் என்று பெற்றோரோடு சேர்ந்து யோசியுங்கள்... அவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் மட்டும் நல்லதோடு நிறுத்திக்கொண்டேன்.

சரோஜா மலையில் கொழுந்து வெட்டிவிட்டு நேரே வருவாள். ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, ஈரக் காலோடு நாற்காலியின் நுனியில் உட்காருவாள்.

"கவிதா எப்படி டீச்சர்? படிக்கிறாளா?"

கவிதாவுக்கு வாசிக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும்! மற்ற பிள்ளைகள் வாசிப்பதைக் காதில் வாங்கி, பாடத்தை அப்படியே ஒப்பிப்பாள். விரல் ஒரு வரியில் இருக்கும். வாய் வேறு வரிக்குப் போயிருக்கும். ஒருமுறை அந்த விரலைப் பிடித்துச் சரியான வரியில் வைத்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"நல்லாத்தான் படிக்கிறாம்மா. ஒன்னும் கவலப்படாதீங்க."

சரோஜாவின் முகத்தில் அப்போது வரும் சிரிப்பு... அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் அப்பன் பிரம்பை எடுப்பான், பிள்ளையைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று வெகுகாலம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நீங்களும் நம்பிவிடாதீர்கள்! உண்மையைச் சொல்லியிருந்தால், பள்ளி முடிந்தபின் அவளை உட்கார வைத்து, அகரத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். எனக்கோ மூடுபனி இறங்குவதற்குள் ரிங்லெட்டிலுள்ள வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இவ்வளவுதான் காரணம். சொல்லவே நாக்கூசுகிறது.

மலாயில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளியில் கவிதா தாக்குப்பிடிக்கவில்லை. எந்த மொழியிலும் எழுத்துக்கூட்ட முடியாதவள் என்ன செய்வாள்? பாதியில் நின்றுவிட்டாள். இப்போது திரிங்காப்பில், ஒரு பூத்தோட்டத்தில் வேலை.

அண்மையில் சின்ன மகள் யாழினிக்காகச் சரோஜா வந்தாள். அவளுக்கும் நான்தான் ஆசிரியை. அதே நாற்காலி, அதே நுனி. இந்த முறை சொல்லிவிட்டேன்! நல்லதைச் சொன்னேன், பிறகு, "வாசிக்கத் தடுமாறுறாம்மா. பள்ளி விட்டதும் நானே சொல்லிக்கொடுக்கிறேன், கொஞ்சம் லேட்டா அனுப்பலாமா?" என்றேன். சரோஜா சம்மதித்தாள். எனக்கு நெஞ்சு லேசானது.

எழுந்தவள் நின்றாள்.

"டீச்சர்... பெரியவளும் இப்படித்தான் இருந்தாளா?"

அவள் குரலில் கோபமில்லை, சந்தேகம்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு?

"இல்லம்மா... அவ நல்லாத்தான் படிச்சா."

"அதான் டீச்சர் நானும் சொல்றேன். செகண்டரி போனதும் திமிரு லா! படிக்கத் தெரியலம்மான்னு அழுவா. நடிக்காதடின்னு அடிச்சேன்... எத்தன அடி!"

அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாமே! அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடுத்தவரை உள்ளே அழைத்தேன்.

யாழினி இப்போது பள்ளி விட்டதும் என்னோடு உட்கார்ந்து வாசிக்கிறாள். சில நாள் அவளை அழைத்துப்போகக் கவிதா வருகிறாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னால், "பரவால்ல டீச்சர், வெளியவே நிக்கிறேன்" என்கிறாள். தங்கையின் விரல் வரியோடு நகர்வதை வாசலில் நின்றே பார்க்கிறாள்.

எனக்குத் தெரிந்திருந்தது என்பது அவளுக்குத் தெரியும். இன்னும் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.